டர்பனில் மரத்தரை போடப் போகிறீர்களா? முதலில் தளத்து ஈரத்தைப் பாருங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து, கொஞ்சம் காலூன்றி, பழைய வீடு ஒன்றை வாங்கியதும் நம் ஆட்கள் முதலில் கைவைப்பது தரையில்தான். கடைக்குப் போனால் கேட்பது பலகையின் நிறம், அப்புறம் விலை. கீழே இருக்கும் சிமெண்ட் தளம் எவ்வளவு ஈரமாக இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. வெருலம் பக்கம் வீடு வாங்கிய என் நண்பர் குடும்பம் அதனால் பட்ட பாட்டைப் பார்த்த பிறகுதான் இதை எழுதுகிறேன்.

முறைப்படி செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். அடுக்குமாடி வீடு என்றால் பாடி கார்ப்பரேட்டின், அதாவது வீட்டு உரிமையாளர்கள் சங்கத்தின், விதிகளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். தரையை மாற்ற அனுமதி வேண்டும் என்றும், கீழ்வீட்டுக்குச் சத்தம் போகாத அண்டர்லே (பலகைக்கு அடியில் போடும் மெத்தென்ற விரிப்பு) போட வேண்டும் என்றும் பல இடங்களில் விதி இருக்கும். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். கொட்டேஷனில் 15 சதவீத வாட் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இங்கே எல்லாம் சதுர மீட்டர் கணக்கு, ஒரு சதுர மீட்டர் என்பது 10.76 சதுர அடி. நம்மூர்க் கணக்கில் 12க்கு 14 அறை என்றால் 15.6 சதுர மீட்டர் வரும். வெட்டுச் சேதாரத்துக்குப் பத்து சதவீதம் கூட வாங்குங்கள்.

எதைப் போடலாம்? முழு மரம் பார்க்க அழகு, ஆனால் டர்பனின் கோடைப் புழுக்கத்தில் உப்பும், குளிர்காலத்தில் சுருங்கும். ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் உறவினர் வீட்டில் நன்றாக இருக்கிறதே என்று அதே மரத்தை இங்கே போடாதீர்கள். அங்கே காற்று வறட்சி, இங்கே கடற்காற்று. மரத்தைத் துளைக்கும் பூச்சித் தொல்லை வேறு. இந்த மாகாணத்தில் வீடு விற்கும்போது பூச்சிச் சான்றிதழ் கேட்பது வழக்கம் என்பதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம். சமையலறைக்கு வினைல் வகைப் பலகை நல்லது, தண்ணீர் தாங்கும். கூடத்துக்கும் படுக்கையறைக்கும் லேமினேட், அதாவது மேலே மர அச்சு ஒட்டிய பலகை, போதும். அட்டைப் பெட்டியில் ஏசி3 அல்லது ஏசி4 என்று தேய்மானத் தரம் போட்டிருக்கும். ஓடியாடும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஏசி4 வாங்குங்கள்.

காசைச் சேமிக்கும் யோசனை ஒன்று. பழைய வீட்டில் கார்ப்பெட் இருந்தால் ஒரு மூலையைத் தூக்கிப் பாருங்கள். கீழே அந்தக் காலத்து பார்க்கே மரக்கட்டைகள் இருக்கலாம். தேய்த்து மெருகு போட்டால் எந்த லேமினேட்டும் அதன் பக்கத்தில் நிற்க முடியாது.

இனி என் நண்பர் கதை. அந்த வீட்டில் பழைய டைல்ஸ் உறுதியாகவே இருந்தது. அதன்மேலேயே லேமினேட் போட்டிருக்கலாம், தரை சமமாக இருந்து டைல்ஸ் ஆடாமல் இருந்தால் போதும், கதவுகளின் அடியைக் கொஞ்சம் சீவினால் முடிந்தது. ஒப்பந்தக்காரரோ டைல்ஸைப் பெயர்த்துவிட்டுப் புது சிமெண்ட் பூச்சு போட்டால்தான் நன்றாக இருக்கும் என்றார். போட்டார். மேலே தொட்டால் காய்ந்தது போல இருந்தது, உடனே பலகையை விரித்துவிட்டார். ஈரம் அளக்கவில்லை, அண்டர்லேக்கு அடியில் பிளாஸ்டிக் ஷீட்டும் விரிக்கவில்லை. நண்பரின் மனைவி கேட்டதற்கு, "ஒன்றும் ஆகாது மேடம், எத்தனையோ வீட்டில் போட்டிருக்கிறேன்" என்று பதில்.

சிமெண்ட் பூச்சு மேலே காய்வது வேறு, உள்ளே காய்வது வேறு. மாதத்துக்கு 25 மில்லிமீட்டர் கனம் காயும் என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. 40 மில்லிமீட்டர் பூச்சு என்றால் ஏறக்குறைய ஏழு வாரம், மழைக்காலப் புழுக்கத்தில் இன்னும் கூடும். உள்ளே அடைபட்ட ஈரத்துக்கு மேலே பலகைதான் வழி. லேமினேட்டின் நடுவில் இருப்பது மரத்தூளை அழுத்திச் செய்த பலகை, ஈரத்தைக் குடித்தால் ஊதும், ஊதினால் பழையபடி ஆகாது. முதலில் வெறுங்காலில் நடக்கும்போது இணைப்புகள் விரலில் தட்டின. பிறகு கண்ணுக்கே தெரிந்தது. ஒரு பலகையைக் கழற்றிப் பார்த்தோம். ஓரம் டீயில் நனைந்த ரஸ்க் மாதிரி உப்பி, நகத்தால் கிள்ளினால் உதிர்ந்தது. அடியில் பூஞ்சை நாற்றம்.

கடையில் போய்க் கேட்டால், பலகையில் குறை இல்லை, ஈரத்தால் வரும் சேதத்துக்கு உத்தரவாதம் கிடையாது என்றார்கள். உத்தரவாதத் தாளிலும் பொடி எழுத்தில் அப்படித்தான் இருந்தது. போட்டவரைக் கேட்டால் பலகைதான் தரமில்லை என்றார், அப்புறம் போனையே எடுக்கவில்லை. 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் குறையுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்க உரிமை தருகிறது. ஆனால் இங்கே பொருளில் குறை இல்லையே! பலகை வாங்கியது ஓரிடம், வேலை கொடுத்தது இன்னோரிடம் என்று இருந்ததால் யார் தலையிலும் பொறுப்பு விழவில்லை. கூடம் முழுவதையும் சொந்தச் செலவில் பெயர்த்துப் போட்டார்கள். இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

ஆகவே பொருளும் வேலையும் ஒரே ஆளிடம் கொடுங்கள். தளத்தின் ஈரத்தை அளந்து, அந்த அளவைத் தேதியோடு கொட்டேஷனிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். கார்பைட் சோதனையில் (தளத்திலிருந்து கொஞ்சம் சிமெண்டைப் பெயர்த்து ஈரம் பார்க்கும் சோதனை) 2 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது லேமினேட்டுக்குப் பொதுவாகச் சொல்லும் அளவு. அளக்கமாட்டேன் என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். நீங்களே முதலில் பார்க்க ஒரு வழி உண்டு. தெளிவான பிளாஸ்டிக் துண்டு ஒன்றைத் தரையில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்ளே நீர்த்துளி பூத்தாலோ சிமெண்ட் கருத்தாலோ பலகைக்கு நேரம் வரவில்லை என்று அர்த்தம். அப்படி எதுவும் தெரியாவிட்டால் எல்லாம் சரி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், மீட்டர் வைத்து அளந்தே ஆகவேண்டும். சிமெண்ட் தளம் எதுவானாலும் அண்டர்லேக்கு அடியில் பிளாஸ்டிக் ஷீட் விரிக்காமல் இருக்காதீர்கள். பலகைப் பெட்டிகளைப் பிரிக்காமல் அந்த அறையிலேயே 48 மணி நேரம் கிடத்துங்கள். சுவரோரம் 10 மில்லிமீட்டர் இடைவெளி விடச் சொல்லுங்கள், சுவரடியில் அடிக்கும் ஸ்கர்ட்டிங் பட்டை அதை மறைத்துவிடும்.

இன்னொன்று, நம் பழக்கம். வெள்ளிக்கிழமை வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவுவது இந்தத் தரையில் நடக்காது. நன்றாகப் பிழிந்த துணிதான். இங்கே தலைமுறை தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் புரட்டாசிக்கு முன் வீட்டையே கழுவி விரதம் தொடங்குவார்கள். டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் எனக்குத் தெரிந்த ஒரு ஆன்ட்டி, தமிழ் பேச வராவிட்டாலும் அந்த ஒழுங்கை ஒரு வருடமும் விட்டதில்லை. வீடெல்லாம் லேமினேட் போட்டபோதும் சாமி அறையை மட்டும் டைல்ஸாகவே வைத்துக்கொண்டார். விளக்குக்கு ஊற்றும் எண்ணெய், கற்பூரம், மஞ்சள் தண்ணீர் எதற்கும் பயமில்லை. அதைப் பார்த்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

மிச்சமாகும் பெட்டியைக் கடையில் திருப்பிக் கொடுக்க வேண்டாம். அதே நிறம் அடுத்த வருடம் கிடைக்காது. ஒரு பலகை கெட்டால் மாற்ற அதுதான் இருக்கும்.