ரீல்ஸ் பார்த்து ரிசப்ஷனில் ஆடப் போகிறவர்களுக்கு

கல்யாண ரிசப்ஷனில் அண்ணன் தங்கை, அத்தை பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து மேடையேறி ஆடுவது இப்போது எழுதாத சடங்கு. சொல்லித்தர மாஸ்டர் கிடையாது, ஃபோன்தான். திரையில் தெரிகிற ஆட்டம் அப்படியே மேடைக்கு வந்துவிடும் என்று நம்புவதில்தான் சொதப்பலே ஆரம்பிக்கிறது.

ஹூக் ஸ்டெப்பை, அதாவது பாட்டை அடையாளம் காட்டும் அந்த ஒரு பிரபலமான அசைவை மட்டும் கற்றுக்கொண்டு போகாதீர்கள். அது பாட்டில் வருவதே சில விநாடிகள். மீதி நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கை தட்டிக்கொண்டு நிற்பீர்கள். பாட்டை ஒன்றரை நிமிடத்துக்கு வெட்டி, சரணத்துக்கு எளிதாக ஏதாவது ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்.

பாட்டைத் தேர்ந்தெடுப்பதிலும் பேராசை வேண்டாம். 'ரவுடி பேபி'யில் சாய் பல்லவி போகிறபோக்கில் துள்ளுவது மாதிரிதான் இருக்கும். ஆனால் அவர் 2008இல் விஜய் டிவியின் 'உங்களில் யார் அடுத்த பிரபுதேவா' மேடையில் போட்டியாளராக ஆடியவர். பத்து ஆண்டு கழித்து இந்தப் பாட்டுக்கு நடனம் அமைத்தவர் சாட்சாத் பிரபுதேவாவே! பெரியம்மா, சித்தப்பாவையும் சேர்த்துக்கொள்வதென்றால் 1996இல் உலகத்தையே ஆட்டிவைத்த மக்கரீனா மாதிரி வடிவம்தான் தோது: நின்ற இடத்தில் கை அசைவு, இடுப்பு, ஒரு குதி, 90 டிகிரி திரும்பல். யாராவது மறந்தாலும் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துப் பிடித்துக்கொள்ளலாம்.

பிரபலங்கள் ஆடும் டிவி போட்டிகளைப் பார்த்துச் செய்கிற தவறுகள் இன்னும் ஆபத்தானவை. அங்கே பிரபலத்துக்கு நிறைய ஆடத் தெரியாவிட்டாலும் கடினமான வேலையை உடன் ஆடும் தொழில்முறைக் கலைஞர் இழுத்துக்கொள்வார். தடுமாறும் இடத்தில் கேமரா முகத்துக்குப் போய்விடும். உங்கள் உறவினரின் வீடியோகிராபர் அப்படியெல்லாம் காப்பாற்ற மாட்டார். முக்கியமாக, ஜோடியைத் தலைக்கு மேல் தூக்குவது வேண்டவே வேண்டாம். 2004 முதல் பிபிசியில் வரும் 'ஸ்ட்ரிக்ட்லி கம் டான்சிங்' நடனப் போட்டியில்கூட வால்ட்ஸ் போன்ற பால்ரூம் (மேற்கத்திய ஜோடி) ஆட்டங்களில் தூக்கினால் விதிமீறல், நடுவர்கள் மதிப்பெண்ணைக் குறைப்பார்கள். நம் ஊரில் அதற்குத்தான் விசில் பறக்கிறது. பட்டுப்புடவைக்காரியை ஷெர்வானி போட்டவர் தூக்கினால் யார் கை எங்கே வழுக்கும் என்று சொல்லவே முடியாது.

இடது, வலது குழப்பம் தனிக்கதை. சில வீடியோக்கள் கண்ணாடிபோலத் திருப்பப்பட்டிருக்கும், சில அப்படி இருக்காது. ஆளுக்கொரு வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டு வந்தால் ஒத்திகையில் முழங்கைகள் மோதும். ஒருவர் மட்டும் பார்த்துக் கற்றுக்கொண்டு, மற்றவர்களுக்கு முதுகு காட்டி முன்னால் நின்று சொல்லிக்கொடுத்தால் தீர்ந்தது.

பாதி வேகத்தில் வைத்துப் பழகுவது நல்லதுதான், அங்கேயே தங்கிவிடக் கூடாது. மெதுவாக ஆடும்போது காலை விறைப்பாக வைத்தே சமாளித்துவிடலாம். முழு வேகத்தில் குத்துப் பாட்டுக்கு முழங்கால் மடங்காவிட்டால் கை மட்டும்தான் ஆடும். அன்றைக்குப் போடப்போகும் செருப்போடு ஒரு முறையாவது ஆடிப் பாருங்கள், மேடைக் கம்பளத்தின் மடிப்பு எங்கே என்றும் பார்த்துவையுங்கள்.

டிஜேயிடம் பாட்டின் பெயரை மட்டும் சொன்னால் முழுப் பாட்டையோ ஏதோ ஒரு ரீமிக்ஸையோ போட்டுவிடுவார். நீங்கள் வெட்டிய ஃபைலையே முன்கூட்டி அனுப்பி, அவர் ஸ்பீக்கரில் ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.