நண்பர்களோடு ஃபேன்டஸி புக்கிங் தொடங்குவது எப்படி? 2001 இன்வேஷனை வைத்து ஒரு செய்முறை

"இன்வேஷனை மட்டும் என் கையில் கொடுத்திருந்தால்..." என்று ஒரு தடவையாவது சொல்லாத ரெஸ்லிங் ரசிகர் உண்டா? (டபிள்யூடபிள்யூஎஃப், அதாவது இன்றைய டபிள்யூடபிள்யூஇ, தான் வாங்கிய போட்டி நிறுவனமான டபிள்யூசிடபிள்யூவின் ஆட்களும், இன்னொரு போட்டி நிறுவனமான இசிடபிள்யூவின் ஆட்களும் சேர்ந்து தன்மேல் படையெடுப்பதாக 2001இல் ஓட்டிய கதைதான் இன்வேஷன்.) அந்தப் பேச்சைப் பேச்சோடு விடாமல், நாலு பேர் சேர்ந்து வாரா வாரம் ஷோ எழுதி, ஃபியூடு (பகைக் கதை) வளர்த்து, பெல்ட் (சாம்பியன் பட்டம்) மாற்றி நடத்தும் ஃபேன்டஸி புக்கிங் விளையாட்டாக ஆக்குவது எப்படி என்பதுதான் இந்தப் பதிவு. எங்கள் குழு இப்படி ஒன்றை ஓட்டிக்கொண்டிருக்கிறது. எப்படித் தொடங்குவது என்று கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

ஃபேஸ் (நல்லவர்), ஹீல் (வில்லன்), புஷ் (ஒருவரை மேலே ஏற்றிவிடுவது), ப்ரோமோ (மைக் பேச்சு), ரன்-இன் (மேட்ச் நடுவே வெளியாள் புகுவது) என்பதற்கு மேல் விளக்கப் போவதில்லை. டென் ஸ்போர்ட்ஸ் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது தேவையில்லை. அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர் என்று இன்னமும் நம்புகிறவர்கள் மட்டும் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். இங்கே அவரும் தோற்க வேண்டிவரும்.

படி 1: வரலாறு எந்த நாளில் பிரிகிறது?

"2001" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் போதாது, நாள் வேண்டும். அந்த மார்ச்சில்தான் டபிள்யூடபிள்யூஎஃப், டபிள்யூசிடபிள்யூவை வாங்கியது. மார்ச் 26 அன்று ஃப்ளோரிடாவின் பனாமா சிட்டி பீச்சில் டபிள்யூசிடபிள்யூவின் வாராந்திர ஷோவான நைட்ரோ கடைசியாக நடந்தது. ஏப்ரல் 1 ஹூஸ்டனில் டபிள்யூடபிள்யூஎஃப்பின் ஆண்டுப் பெருவிழாவான ரெஸ்ல்மேனியா. அங்கே ஆஸ்டின், டபிள்யூடபிள்யூஎஃப் முதலாளி வின்ஸ் மக்மேனோடு கைகோத்து ஹீல் ஆனார். நைட்ரோ நாளிலிருந்து தொடங்கினால், "என் உலகத்தில் ஆஸ்டின் ஹீல் ஆகவே இல்லை" என்று ஒருவர் கிளம்புவார். இன்னொருவர் அந்த ஹீல் டர்னை நம்பியே ஆறு மாதக் கதை வைத்திருப்பார். முதல் வாரமே சண்டை.

அதனால் ரெஸ்ல்மேனியா முடிந்த நொடியைப் பிடியுங்கள். அதுவரை நடந்ததெல்லாம் நடந்தது. அதற்குப் பிறகு நிஜத்தில் நடந்த எதுவும் தானாக உள்ளே வராது.

"எதுவும்" என்றால் என்னென்ன என்று ஒரு தடவை உட்கார்ந்து பேசிவிடுங்கள். மே 21 ராவில் (டபிள்யூடபிள்யூஎஃப்பின் வாராந்திர ஷோ) டிரிபிள் எச்சுக்குத் தொடைத் தசை கிழிந்தது, அடுத்த ஜனவரியில்தான் திரும்பினார். உங்கள் உலகத்தில் கிழியுமா? ராக், ரெஸ்ல்மேனியா முடிந்த கையோடு படப்பிடிப்புக்குப் போய் ஜூலைக் கடைசியில்தான் வந்தார். உங்களுக்கு அவர் இருக்கிறாரா? எங்கள் முடிவு: காயம் கிடையாது, படப்பிடிப்பு உண்டு. ராக் இருந்தால் மற்ற யாருக்கும் மேலே ஏற இடமே இருக்காது. கிறிஸ் பென்வா விஷயத்தில் மட்டும் வாதமே வேண்டாம். 2007இல் மனைவியையும் மகனையும் கொன்று தற்கொலை செய்துகொண்டவர் அவர்; அவரை வைத்து எழுத மனம் வராதவர் குழுவில் ஒருவர் இருந்தாலும் எடுத்துவிடுங்கள்.

சின்ன விஷயங்களும் நுழைந்துவிடும். ஏப்ரல் ஷோவில் ஆஸ்டின் பேசப் பேசக் கூட்டம் "வாட்? வாட்?" என்று கத்துவதாக ஒரு நண்பர் எழுதி அனுப்பினார். அந்தக் கத்தல் பிறந்ததே அந்த ஆண்டின் பிற்பகுதியில்தான். எங்கள் கமிஷனர் (தீர்ப்புச் சொல்லும் ஆள்) அதை வெட்டிவிட்டார்.

படி 2: ஆட்களைப் பிரிப்பது

ஒருவருக்கு டபிள்யூடபிள்யூஎஃப், ஒருவருக்கு டபிள்யூசிடபிள்யூ, ஒருவருக்கு இசிடபிள்யூ. நாலாவது ஆள் கமிஷனர். அவருக்கு ரோஸ்டரே (சொந்த ஆள் பட்டியல்) கிடையாது, அதுதான் முக்கியம்.

ஃபிளேர், ஹோகன், நாஷ், கோல்ட்பெர்க், ஸ்டிங் போன்ற பெருந்தலைகளின் சம்பள ஒப்பந்தம் டபிள்யூசிடபிள்யூவின் பழைய தாய் நிறுவனமான ஏஓஎல் டைம் வார்னரிடமே இருந்ததால், நிஜ இன்வேஷனில் அவர்கள் இல்லை. ஃபிளேர் வந்தது எல்லாம் முடிந்த மறுநாள். ஹோகனும் நாஷும் 2002இல், கோல்ட்பெர்க் 2003இல். ஸ்டிங் வருவதற்கு 2014 ஆனது. ஃபேன்டஸி புக்கிங்கின் ருசியே இவர்களை அப்போதே இறக்குவதில்தான். ஆனால் எல்லோரையும் முதல் நாளே இறக்கினால் ஜூன் மாதத்துக்கு எதுவும் மிஞ்சாது. ஒரு பிபிவிக்கு (மாதாந்திரப் பெரிய ஷோ) ஒருவர் என்று வையுங்கள். ஆள் பலம் குறைந்தவர் முதலில் எடுக்கட்டும். அதாவது இசிடபிள்யூக்காரர்.

எல்லோரையும் ஒரே தொட்டியில் போட்டுப் பிரிப்பதென்றால் ஸ்னேக் டிராஃப்ட்தான் நியாயம். முதல் சுற்றில் கடைசியாக எடுத்தவர் அடுத்த சுற்றில் முதலில் எடுப்பார். டேக் டீம் ஒரே பிக் என்று கணக்கு. டபிள்யூடபிள்யூஇயின் 2016 டிராஃப்டில் மூன்று மணி நேர ராவுக்கு மூன்று பேர், இரண்டு மணி நேர ஸ்மாக்டவுனுக்கு இரண்டு பேர் என்று எடுத்தார்கள். உங்களில் ஒருவர் நீளமான ஷோ எழுதுகிறவர் என்றால் அந்தக் கணக்கை அப்படியே தூக்கிக்கொள்ளலாம்.

படி 3: ஃபினிஷ் (மேட்ச் முடியும் விதம்) யார் கையில்?

முக்கால்வாசிக் குழுக்கள் உடைவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். எங்கள் குழுவும் முதல் பிபிவியோடு கிட்டத்தட்ட நின்றே போனது. தன் ஷோவுக்குள் யார் ஜெயிக்கிறார் என்பதில் யாருக்கும் பிரச்சினை இல்லை. என் ஆளும் உங்கள் ஆளும் மோதும்போதுதான் பிரச்சினை. தன் ஆள் தோற்க யாரும் சம்மதிக்க மாட்டார்கள். "சரி, டபுள் கவுன்ட் அவுட்" (யாருக்கும் வெற்றி இல்லை) என்று சமாதானம் ஆவார்கள். ஒரு பிபிவியில் இப்படி மூன்று மேட்ச் முடிந்தால் படிக்கவே ஆள் இருக்காது.

நிஜ இன்வேஷனில் நடந்ததையே பாருங்கள். இரண்டு பக்கத்துக்கும் ஒரே பக்கத்து ஆட்கள்தான் எழுதினார்கள். டைமண்ட் டல்லஸ் பேஜ் (டிடிபி) மூன்று முறை டபிள்யூசிடபிள்யூ உலக சாம்பியன். அவரை அண்டர்டேக்கரின் மனைவியைப் பின்தொடர்ந்து படமெடுக்கும் ஆளாக அறிமுகப்படுத்தினார்கள். சம்மர்ஸ்லாமில் கூண்டுக்குள் டேக் பெல்ட்டை இழந்தார். மறுநாள் ராவில் அந்த மனைவி சாராவே அவரைப் பின் பண்ணினார். நவம்பர் 18 சர்வைவர் சீரிஸ் கடைசி மேட்சில் அலையன்ஸ் (டபிள்யூசிடபிள்யூ, இசிடபிள்யூ கூட்டணி) அணியில் இருந்த ஐந்து பேர் ஆஸ்டின், ஆங்கிள், ஷேன் மக்மேன், ராப் வான் டேம், புக்கர் டி. டபிள்யூசிடபிள்யூவில் இருந்து நேராக வந்தவர் புக்கர் டி ஒருத்தர்தான். பேனா ஒரே பக்கம் இருந்தால் இப்படித்தான் ஆகும்.

எங்களுக்குக் கைகொடுத்த முறை இது:

1. இரண்டு புக்கர்களும் (ஷோ எழுதுகிறவர்கள்), "என் ஆள் தோற்றால் அடுத்த மாதம் என்ன செய்வேன்" என்பதை இரண்டு வரியில் கமிஷனருக்குத் தனித்தனியாக அனுப்ப வேண்டும்.
2. யார் ஜெயிப்பது என்பதைக் கமிஷனர் சொல்வார். எவருடைய தோல்விக் கதை சுவாரசியமோ, அவர் தோற்பார்.
3. தோற்பவரின் புக்கர்தான் ஃபினிஷை எழுத வேண்டும். ஜெயித்தவரின் புக்கர் அதில் ஒரு வார்த்தை மாற்றக் கூடாது.

மூன்றாவது விதிதான் உயிர். எங்கள் ஜூன் பிபிவியில் டிடிபியும் அண்டர்டேக்கரும் மோதினார்கள். அண்டர்டேக்கர் ஜெயிக்கட்டும் என்று கமிஷனர் சொல்லிவிட்டார். டபிள்யூசிடபிள்யூ நண்பர் எழுதிய ஃபினிஷ் இது: சோக்ஸ்லாமுக்குத் தூக்கும்போதே டிடிபி நழுவித் தன் முத்திரை அடியான டைமண்ட் கட்டரைப் போடுகிறார். விழுந்த வேகத்தில் அண்டர்டேக்கர் கடைசிக் கயிற்றுக்கு அடியில் உருண்டு வெளியே போய்விடுகிறார். டிடிபி அந்தக் கனத்த உடம்பைத் தூக்கி உள்ளே போட்டுக் கவர் பண்ணும்போது, அண்டர்டேக்கர் இரண்டில் தோளைத் தூக்கிவிடுகிறார். அப்புறம் அண்டர்டேக்கரின் லாஸ்ட் ரைடு, ஒன்று, இரண்டு, மூன்று.

தோல்வி சுத்தமான தோல்வி. ஆனால் கட்டர் வாங்கியவர் ரிங்குக்குள்ளேயே விழுந்திருந்தால் கதை வேறு என்பது படிக்கிற எல்லோருக்கும் தெரியும். அடுத்த மாதம் டிடிபி மைக்கைப் பிடித்து, "கயிறுதான் உன்னைக் காப்பாற்றியது" என்று தொடங்கலாம். அண்டர்டேக்கரின் புக்கரிடம் எழுதக் கொடுத்திருந்தால் பத்து நிமிடம் அடித்து நொறுக்கி முடித்திருப்பார்.

*பின்னால் சேர்த்தது:* கருத்துப் பகுதியில் ஒருவர் சரியான ஓட்டையைப் பிடித்தார். தோற்பவர் எழுதுவதால் எல்லா மேட்சும் ரன்-இன், நாற்காலி அடி, ரெஃப்ரி மயக்கம் என்றே முடிகிறதாம். உண்மைதான். அதனால் இப்போது ஒரு பிபிவிக்கு ஒருவருக்கு ஒரே ஒரு கள்ள ஃபினிஷ்தான் அனுமதி. அதை எங்கே செலவழிப்பது என்று மண்டையை உடைத்துக்கொள்வதே தனி சுகம்.

படி 4: காலண்டரும் ஷீட்டும்

பின்னாலிருந்து முன்னால் எழுதுங்கள். முதலில் பிபிவி கார்டு (மேட்ச் பட்டியல்), பிறகு அதற்கு முந்தைய வாரம், இப்படி இன்றைக்கு வரை. 2001க்குத் தேதிகள் தயாராகவே இருக்கின்றன: ஏப்ரல் 29 பேக்லாஷ், மே 20 ஜட்ஜ்மென்ட் டே, ஜூன் 24 கிங் ஆஃப் தி ரிங். பெயரை மாற்றினாலும் தேதியை மாற்றாதீர்கள்.

ஒருவர் வேகமாக எழுதுவார், இன்னொருவருக்கு ஆபீஸில் ஆடிட் நடக்கும். வேகக்காரர் ஜூலைக்குப் போய்விட்டால், அங்கே சாம்பியனாக இருப்பவர் மற்றவரின் மே மாத ஷோவில் இன்னும் பெல்ட்டே ஜெயித்திருக்க மாட்டார். எனவே அடுத்த பிபிவியைத் தாண்டி யாரும் எழுதக் கூடாது. வர முடியாதவரின் ஷோவுக்குக் கமிஷனர் ரிசல்ட் மட்டும் போட்டு நகர்த்துவார், அந்த வாரம் பெல்ட் மாறாது.

கருவி விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. கூகுள் ஷீட் ஒன்று போதும். ரோஸ்டர், ரிசல்ட், பெல்ட் வரலாறு, காலண்டர் என நாலு தாள். ரோஸ்டர் தாளில் ஃபேஸா ஹீலா என்பதோடு "கடைசியாகச் சுத்தமாகத் தோற்ற தேதி" என்று ஒரு பத்தி கட்டாயம் வையுங்கள். ஆறு வாரமாக ஒருவர் தோற்கவே இல்லை என்றால் யாரோ அவரைப் பொத்திப் பொத்தி வளர்க்கிறார் என்று அர்த்தம்.

ஆடம் ரைலண்டின் டோட்டல் எக்ஸ்ட்ரீம் ரெஸ்லிங் அருமையான கம்ப்யூட்டர் புக்கிங் விளையாட்டு, மறுக்கவில்லை. அதற்கு முன் இலவசமாகக் கிடைத்த எக்ஸ்ட்ரீம் வார்ஃபேர் ரிவெஞ்சில் பலர் ராத்தூக்கத்தைத் தொலைத்திருக்கிறார்கள். ஆனால் அது தனியாக உட்கார்ந்து ஆட வேண்டியது. புதியவர்களின் குழுவில் அதைக் கொண்டுவந்தால், கதையை விட்டுவிட்டு அதில் வரும் எண்களுக்குச் சண்டை போடுவார்கள். வீடியோ கேமின் யூனிவர்ஸ் மோடில் மேட்சை ஓடவிட்டு ரிசல்ட் எடுப்பதும் எனக்குப் பிடிக்காது. அப்புறம் புக்கிங் எதற்கு? அரட்டைக்கு வாட்ஸப் இருக்கட்டும், ஷோக்களை டிஸ்கார்டில் தனிச் சேனலில் போடுங்கள். "குட் மார்னிங்" படங்களுக்கு நடுவே மெயின் ஈவென்ட்டைத் தேட முடியாது.

படி 5: முதல் ஷோ

ஆரம்பக்காரர்கள் ஒவ்வொரு அடியையும் எழுதுவார்கள். "ஹெட்லாக் போட்டார், கயிற்றுக்குத் தள்ளினார், க்ளோத்ஸ்லைன்" என்று இரண்டு பக்கம். யாரும் படிக்க மாட்டார்கள். சாதாரண மேட்சுக்கு மூன்று வரி, அதில் இரண்டு ஃபினிஷுக்கு. மெயின் ஈவென்ட்டுக்கு ஒரு பத்தி. மீதி உழைப்பு ப்ரோமோவுக்கு.

ஒரு ஷோவுக்கு எட்டு துண்டு போதும்: நாலு மேட்ச், இரண்டு ப்ரோமோ, ஒரு பேக்ஸ்டேஜ் காட்சி, கடைசியில் அடுத்த வாரம் வரவைக்கும் ஒரு கலாட்டா. அந்தக் கலாட்டாவை முதலில் எழுதிவிட்டு மற்றதை நிரப்புங்கள்.

ப்ரோமோவைத் தமிழில் எழுதுங்கள், அதுவும் பேச்சுத் தமிழில். ஹீல் வாயில் நம் ஊர் நக்கல் கச்சிதமாக உட்காரும். டட்லி சகோதரர்கள் ஆடியன்ஸை வம்புக்கு இழுப்பதை ஒரு தடவை தமிழில் எழுதிப் பாருங்கள், புரியும். கேட்ச்ஃப்ரேஸை மட்டும் மொழிபெயர்க்க வேண்டாம், அப்படியே விடுங்கள்.

*இன்னொரு சேர்க்கை:* "நாங்கள் இரண்டே பேர், கமிஷனருக்கு எங்கே போவது?" என்று சிலர் கேட்டிருந்தார்கள். பகடை வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் தோல்விக் கதையை ஒரே நேரத்தில் காட்டுங்கள். யாருடையது நல்லது என்று இருவருக்கும் ஒத்துப்போனால் சரி, இல்லாவிட்டால் பகடை. ஒன்று முதல் மூன்று வந்தால் அவர் ஆள் தோற்பார், நான்கு முதல் ஆறு வந்தால் உங்கள் ஆள். ஒரே தடவைதான் உருட்ட வேண்டும். போனில் உருட்டினால் ஸ்க்ரீன் ரெக்கார்டு கேளுங்கள்.