டர்ட்டி பைப்: துடைக்காமல் விட்ட ஒரு ஃபிளாக், தவிர்க்க வேண்டிய தவறுகள்

லினக்ஸ் கெர்னலில், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியில், படிக்க மட்டுமே அனுமதியுள்ள கோப்பிலும் எழுதவிட்ட பாதுகாப்பு ஓட்டை ‘டர்ட்டி பைப்’. 2022 மார்ச் 7 அன்று மேக்ஸ் கெல்லர்மன் வெளியிட்ட இதற்குப் பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் உள்ள எண் சிவிஇ-2022-0847. கெர்னலின் இரண்டு ஃபங்ஷன்களில் (நிரல் துண்டுகளில்) ஃபிளாக்ஸ் என்ற, நிலையைக் குறிக்கும் உறுப்புக்குப் பூஜ்யம் வைத்ததும் அது அடைபட்டது.

லினக்ஸில் பைப் என்பது ஒரு நிரலிலிருந்து இன்னொன்றுக்குத் தரவு கடத்தும் வழி; உள்ளே அது இயல்பாக 16 இடங்கள் கொண்ட வளையம். தரவைப் படித்ததும் இடம் காலியாகும். அதிலிருந்த பழைய மதிப்புகள் அப்படியே கிடக்கும். 2016இல் 4.9 பதிப்பில் சேர்ந்த அந்த ஃபங்ஷன்கள் மற்ற உறுப்புகளை நிரப்பிவிட்டு ஃபிளாக்ஸை மட்டும் விட்டுவிட்டன. அப்போது கெடுதல் எதுவும் தெரியவில்லை. 2020இல், 5.8 பதிப்பில், ‘இதே நினைவகப் பக்கத்தில் தொடர்ந்து எழுதலாம்’ என்று சொல்லும் ஃபிளாக் வந்தது. அதோடு பழைய மிச்சம் ஆயுதமாகிவிட்டது.

தாக்குபவர் பைப்பை நிரப்பி எல்லா இடங்களிலும் அந்த ஃபிளாக்கை ஏற்றுவார், பிறகு காலி செய்வார். படிக்க மட்டுமே அனுமதியுள்ள கோப்பிலிருந்து ஒரு பைட்டை ஸ்ப்ளைஸ் என்ற கெர்னல் அழைப்பு வழியாக இழுப்பார். ஸ்ப்ளைஸ் நகலெடுக்காது, பேஜ் கேஷில் (கோப்பின் உள்ளடக்கத்தை நினைவகத்தில் வைத்திருக்கும் இடத்தில்) இருக்கும் பக்கத்தையே பைப்பில் மாட்டிவிடும். அடுத்து எழுதுவது நேராக அந்தக் கோப்பின் பக்கத்தில் விழும். பக்கத்தின் முதல் பைட்டைத் தொடவோ, பக்க எல்லையைத் தாண்டவோ, கோப்பை நீட்டவோ முடியாது. பாஸ்வேர்டு கோப்பில் ரூட் (முழு அதிகாரமுள்ள பயனர்) வரியை மாற்ற இதுவே தாராளம்.

‘இப்போது யாரும் பார்க்காத உறுப்புதானே’ என்று விடுவதுதான் நிரல் எழுதுபவர் செய்யும் பெரிய தவறு. பூஜ்யமாக்கித் தரும் ஒதுக்கீட்டை நம்பியும் பயனில்லை: பைப் வளையம் ஒதுக்கும்போது பூஜ்யமாகத்தான் இருந்தது, மறுபயன்பாட்டில்தான் அழுக்கானது. ஒவ்வொரு முறையும் ஸ்ட்ரக்ட் (உறுப்புகளின் தொகுப்பு) முழுவதற்கும் ஒரே வீச்சில் மதிப்பு கொடுங்கள். பெயர் சொல்லாத உறுப்புகள் தாமாகப் பூஜ்யமாகும்.

சர்வரைப் பராமரிப்பவர்கள் கோப்பை மாற்றமுடியாததாகக் குறிப்பதும், படிக்க மட்டும் மவுண்ட் செய்வதும் இங்கே காக்காது. கன்டெய்னர் இமேஜைப் புதுப்பித்தாலும் ஓடுவது அதைத் தாங்கும் ஹோஸ்ட் கணினியின் கெர்னல்தான். திருத்தம் 5.16.11, 5.15.25, 5.10.102 பதிப்புகளில் வந்தது. டிஸ்ட்ரோக்கள் (லினக்ஸ் விநியோகங்கள்) பழைய எண்ணிலேயே திருத்தத்தைச் சேர்ப்பதுண்டு; எண்ணை மட்டும் பார்க்காமல் அவற்றின் பாதுகாப்பு அறிவிப்பில் சிவிஇ எண்ணைத் தேடுங்கள். நிறுவிவிட்டு ரீபூட் செய்யாவிட்டால் பழைய கெர்னலே ஓடிக்கொண்டிருக்கும்.

ஆனால் ஊடுருவல் சந்தேகம் இருந்தால் உடனே ரீபூட் செய்யாதீர்கள். மாறிய பக்கத்தை கெர்னல் ‘டர்ட்டி’ (வட்டில் எழுத வேண்டியது) என்று குறிப்பதில்லை. பெரும்பாலும் மாற்றம் வட்டுக்குப் போகாது, ரீபூட்டில் தடயமும் போய்விடும். முதலில் ஓடும் நிலையிலேயே கோப்புகளின் ஹாஷ் (கைரேகை போன்ற மதிப்பு) எடுத்து, வட்டில் நேராகப் படித்த பிரதியோடு ஒப்பிடுங்கள். அதற்குள் ரூட் கையில் கிடைத்தவர் வேறு எங்காவது வைத்த கதவு ரீபூட்டில் மூடாது. அதைத் தனியே தேட வேண்டும்.