புறநகர்த் தெருவில் கார் நிறுத்தும்போது

தாம்பரம், குரோம்பேட்டை, வேளச்சேரி பக்கம் தெருவிலேயே கார் நிறுத்துகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. மோட்டார் வாகனச் சட்டம் 127-வது பிரிவின்படி, பொது இடத்தில் 10 மணி நேரத்துக்கு மேல் ஆளில்லாமல் நிற்கும் வண்டியைச் சீருடையில் உள்ள காவலர் அகற்றச் சொல்லலாம். நோ பார்க்கிங் போர்டு இல்லாத இடத்துக்கும் இது பொருந்தும். ஒரு வாரம் ஊருக்குப் போகிறீர்களா? சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள்.

தெரு முனை, வளைவு, பஸ் ஸ்டாப், பள்ளி, மருத்துவமனை வாசல், அடுத்தவர் வீட்டு கேட், இங்கெல்லாம் நிறுத்தவே கூடாது. எதிர்ப்புறம் ஏற்கெனவே கார் நின்றால் தள்ளிப் போய் நிறுத்துங்கள். நம் தெருக்களின் அகலத்துக்கு, இரண்டு பக்கமும் கார் நின்றால் ஆம்புலன்ஸ் நுழையாது. எனக்கு இதுதான் எல்லாவற்றையும் விட முக்கியமாகப் படுகிறது.

தமிழ்நாட்டில் நோ பார்க்கிங் அபராதம் முதல் முறை 500 ரூபாய், அடுத்தடுத்து 1,500. பழைய சலான் பாக்கி இருக்கிறதா என்று மத்திய அரசின் போக்குவரத்துத் தளமான பரிவாஹனில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்க்கலாம்.

அப்புறம், மழைக்காலம். 2024 அக்டோபரில் வேளச்சேரிக்காரர்கள் வெள்ளத்துக்குப் பயந்து மேம்பாலத்தில் கார்களை நிறுத்தினார்கள்; அபராதம் போடவில்லை என்று காவல்துறை சொன்னது. அது அந்த நேரத்துச் சலுகை, நிரந்தர அனுமதி இல்லை. மேட்டுப் பகுதியில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் இடம் கிடைக்குமா என்று இப்போதே கேட்டு வையுங்கள்.