133 மில்லிசெகண்ட்: மெம்பிஸ் ராக் அண்ட் ரோல் எதிரொலியை வீட்டில் பதிவு செய்வது எப்படி

எல்விஸ் பிரெஸ்லி 1954 ஜூலையில் மெம்பிஸ் நகரத்தில் பதிவு செய்த 'ப்ளூ மூன் ஆஃப் கென்டக்கி'யை ஹெட்போன் மாட்டிக் கேளுங்கள். பில் மன்ரோ எழுதிய மூன்றடி வால்ட்ஸை நான்கடிக்கு மாற்றி ஓட விட்டிருப்பார்கள். வாசிப்பவர்கள் மூன்றே பேர்: பாடிக்கொண்டே அகூஸ்டிக் கிட்டார் தட்டும் எல்விஸ், எலெக்ட்ரிக் கிட்டாரில் ஸ்காட்டி மூர், டபுள் பேஸில் பில் பிளாக். டிரம்ஸ் கிடையாது. ஆனாலும் பின்னால் யாரோ விடாமல் தட்டிக்கொண்டிருப்பது போல இருக்கும். தட்டுவது ஒரு டேப் ரெக்கார்டர்.

யூனியன் அவென்யூ 706-ஆம் எண் கடையில் ஸ்டுடியோ வைத்திருந்த சாம் ஃபிலிப்ஸ், ஆம்பெக்ஸ் டேப் மெஷின்கள் இரண்டைச் சேர்த்து இந்த எதிரொலியை எடுத்தார். டேப் முதலில் பதிவு ஹெட்டைத் தாண்டும், கொஞ்ச தூரம் போய் வாசிப்பு ஹெட்டைத் தொடும். அந்த இடைவெளி 2 அங்குலம், டேப் வேகம் நொடிக்கு 15 அங்குலம் என்று வையுங்கள்: 2-ஐ 15-ஆல் வகுத்தால் 0.133 நொடி. தாமதமாக வரும் அந்த ஒலியை நேர் ஒலியோடு கலந்தால் ஸ்லாப்பேக் தயார். மூன்று பேர் வாசித்தது ஐந்து பேர் வாசித்தது போல நிரம்பிவிடும்.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். 'பழைய ஒலி வேண்டும்' என்று ரிவெர்பைத் திறந்துவிடுவார்கள். ரிவெர்ப் என்பது அறையின் சுவர்கள் எல்லாம் சேர்ந்து திருப்பித் தரும் நீண்ட வால். ஸ்லாப்பேக் என்பது ஒரே ஒரு மறுமொழி. வித்தியாசத்தைக் காதால் பிடிக்க நல்ல உதாரணம் 'ஹார்ட்பிரேக் ஹோட்டல்'. எல்விஸ் ஆர்சிஏ நிறுவனத்துக்கு மாறியபின் 1956 ஜனவரியில் நாஷ்வில்லில் பதிவானது. மெம்பிஸ் எதிரொலி அங்கே கைகூடவில்லை. கட்டடத்தின் நடைக்கூடத்து எதிரொலியைப் பிடித்துச் சேர்த்தார்கள். பாட்டு பிரமாதம், ஆனால் அது தனிமையின் ஒலி. தாளம் போடும் ஒலி இல்லை. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டபின் வேலையைத் தொடங்குங்கள்.

டிலே அமைப்பு

ஒலிக்கோப்பை ஆடாசிட்டி என்ற ஒலித் தொகுப்புச் செயலியில் திறந்து, எஃபெக்ட் பட்டியலில் ஒலியைத் தாமதப்படுத்தும் டிலேயைத் தேர்ந்தெடுங்கள். நேரம் 0.133 நொடி, எதிரொலி எண்ணிக்கை 1, அளவு மைனஸ் 8 டெசிபெல். 'எக்கோ' என்று தனியாக ஒன்று இருக்கும், அது வேண்டாம்: தேய்ந்து தேய்ந்து பல முறை திரும்பும், சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ரீப்பர் என்ற செயலியில் செய்பவர்கள் டிலேயைத் தனி ட்ராக்கில் போட்டு, குரலையும் கிட்டாரையும் அங்கே அனுப்புவது நல்லது. எதிரொலியை மறுபடி மறுபடி திருப்பும் ஃபீட்பேக்கை முழுதாகக் குறைத்துவிடுங்கள். அந்த ட்ராக்கில் நேர் ஒலி துளியும் வரக்கூடாது. வந்தால் குரல் இன்னும் உரக்கக் கேட்குமே தவிர எதிரொலி அதிகரிக்காது.

எந்த எஃபெக்டும் இல்லாத செயலியா? ட்ராக்கை நகலெடுத்து 133 மில்லிசெகண்ட் வலப்பக்கம் நகர்த்துங்கள். 44,100 ஹெர்ட்ஸ் பதிவில் அது 5,865 சாம்பிள். நகலின் அளவைக் குறைத்தால் போதும், அதே விளைவு.

எதிரொலிக்கு மட்டும் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலும் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழும் வெட்டிவிடுங்கள். மேல் பகுதியை வெட்டாவிட்டால் 'ஸ' ஒலிகள் இரண்டு இரண்டாகச் சீறும், டேப்பின் மங்கலும் கிடைக்காது. கீழ்ப் பகுதியை வெட்டாவிட்டால் பேஸ் கொழகொழத்துப்போகும். குரலுக்கு மைனஸ் 8, கிட்டாருக்கு மைனஸ் 10 அல்லது 12-ல் தொடங்கி, காதை நம்பி நகர்த்துங்கள். இடம் வலம் என்று பிரித்து எறியும் பிங்-பாங் டிலே கூடவே கூடாது. அன்றைய பதிவு மோனோ, இடம் வலம் இல்லாத ஒற்றை ஒலி.

டெம்போ பொருந்தினால்தான் எதிரொலி தாளமாகும். நிமிடத்துக்கு 150 அடி என்றால் ஓர் அடி 400 மில்லிசெகண்ட். அதைத் திஸ்ரமாக மூன்றாகப் பிரித்தால் ஒவ்வொரு பங்கும் 133. எதிரொலி சரியாக இரண்டாவது பங்கில் போய் உட்காரும், பாட்டு தானாகத் துள்ளும். 180 அடியில் அதே 133-ஐ வைத்தால் எந்தப் பங்கிலும் சேராமல் தடுக்கும், 111-க்குக் குறையுங்கள். 80 மில்லிசெகண்டுக்குக் கீழே போனால் அது எதிரொலியாகத் தோன்றாது, இரண்டு பேர் சேர்ந்து பாடியது போல ஆகிவிடும்.

கிட்டாரும் பேஸும்

ரிதம் கிட்டாருக்கு பூகி-வூகி பியானோவின் இடது கை வேலையைத்தான் கொடுக்கிறோம். ஏ கார்டுக்கு 5-ஆம் கம்பியைத் திறந்து விட்டு, 4-ஆம் கம்பியில் ஆள்காட்டி விரலால் 2-ஆம் ஃப்ரெட். இரண்டு முறை அடித்தபின் மோதிர விரலால் 4-ஆம் ஃப்ரெட், இரண்டு முறை. இதையே டி-க்கு 4, 3-ஆம் கம்பிகளுக்கும், ஈ-க்கு 6, 5-ஆம் கம்பிகளுக்கும் நகர்த்துங்கள். பன்னிரண்டு பார் வரிசை: ஏ 4, டி 2, ஏ 2, ஈ 1, டி 1, ஏ 2. வலது உள்ளங்கையின் விளிம்பு, கம்பிகள் கிட்டார் உடலில் தாங்கி நிற்கும் பிரிட்ஜ் மேலேயே இருக்கட்டும். ஒரு சென்டிமீட்டர் முன்னால் வந்தாலும் சுரம் செத்து வெறும் தட்டல்தான் மிஞ்சும்.

மெம்பிஸை விட்டு சிகாகோவில் பதிவு செய்த சக் பெர்ரி பக்கம் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. அவருடைய 50-களின் பதிவுகள் பலவற்றில் டிரம்ஸ் திஸ்ரத்தில் துள்ளும், கிட்டார் நேராக இரண்டிரண்டாக வெட்டும். அந்த உரசல்தான் சுவை. மெட்ரோனோமை வைத்து இரண்டையும் சரிசெய்தால் பாட்டு தட்டையாகிவிடும்.

டபுள் பேஸ் இல்லாதவர்கள் பேஸ் கிட்டாரில் பிரிட்ஜை ஒட்டிக் கம்பிகளுக்கு அடியில் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சின் ஒரு துண்டைச் செருகலாம். சுரம் குட்டையாகி 'தும் தும்' என்று நிற்கும். பில் பிளாக்கின் 'டக்' ஓசை, கம்பியை இழுத்துவிட்டும் பலகையில் அறைந்தும் வருவது. அதற்கு ஜானி கேஷின் வழி உதவும்: அவர் கிட்டார் கம்பிகளுக்கு இடையே காகிதம் செருகி ஸ்னேர் டிரம்மின் வேலையை வாங்கினார். 3 சென்டிமீட்டர் அகலத்துக்குக் காகிதத்தைக் கிழித்து, ஒரு கம்பிக்கு மேல், அடுத்ததற்குக் கீழ் என்று பின்னிவிடுங்கள். பிரிட்ஜ் பக்கம் தள்ளினால் சுரம் தங்கும், நடுப்பக்கம் நகர்த்தினால் தட்டல் கூடும். காகிதம் நைந்துபோகும், மாற்றுத் துண்டுகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எலெக்ட்ரிக் கிட்டாருக்கு டிஸ்டார்ஷன் பெடல் தேவையில்லை. ஓங்கி அடித்தால் மட்டும் லேசாகக் கரகரக்கும் அளவுக்கு ஆம்பை ஏற்றினால் போதும். இதே ஸ்டுடியோவில் 1951 மார்ச்சில் 'ராக்கெட் 88' பதிவானபோது கிட்டார் ஆம்பின் ஸ்பீக்கர் பழுதாகி வந்து சேர்ந்தது. உள்ளே காகிதம் திணித்து வாசித்தார்கள். அந்தக் கரகரப்பு அப்படியே பதிவாகிப் புகழும் பெற்றது. அதைப் பார்த்து உங்கள் ஸ்பீக்கரைக் கிழித்துவிடாதீர்கள்.

ஒரே மைக், ஒரே அறை

பாடுபவர் மைக்கிலிருந்து 20 சென்டிமீட்டர், பேஸ் 1 மீட்டர், கிட்டார் ஆம்ப் ஒன்றரை மீட்டர் என்று தொடங்குங்கள். அளவு சரியில்லை என்றால் பொத்தானைத் தொடாமல் ஆளை நகர்த்துங்கள்: பேஸ் கேட்கவில்லையா, ஓரடி முன்னால் வரச் சொல்லுங்கள். தனித்தனியாக வாசித்துச் சேர்த்தால் ஒருவர் ஒலி மற்றவர் மைக்கில் கசியாது. அந்தக் கசிவுதான் மூவரையும் ஒரே அறையில் நிறுத்துகிறது. பதிவின்போது ப்ளூடூத் ஹெட்போன் வேண்டாம். அதன் தாமதமே 100 மில்லிசெகண்டைத் தாண்டிவிடலாம், வாசிப்பவர் அதைத் துரத்திக்கொண்டே பின்தங்குவார்.

முடித்ததும் மோனோவாக மாற்றிக் கைபேசியின் ஸ்பீக்கரிலேயே கேளுங்கள். ஜூக்பாக்ஸிலும் கார் ரேடியோவிலும் பிழைக்க வேண்டிய ஒலி இது. அதில் எதிரொலி தனியாகத் துருத்திக்கொண்டு கேட்டால் 2 டெசிபெல் குறையுங்கள்; எதிரொலி ட்ராக்கை அணைத்ததும் யாரோ எழுந்து போனது போல இருந்தால் அளவு சரி.