டொல்பின் வேனில் முன் போல் ஜொயின்ற் அடிக்கடி போகிறதா? முதலில் உயரத்தை அளந்து பாருங்கள்

டொல்பின் ஹையேஸ், பழைய நிசான் கரவன் போன்ற வேன்களில் புதிதாகப் போட்ட போல் ஜொயின்ற் (முன் வீலைச் சஸ்பென்ஷன் கையுடன் இணைக்கும் குமிழ் மூட்டு) சில மாதங்களிலேயே ஆடத் தொடங்கினால் மலிவுச் சாமானைத்தான் முதலில் குறை சொல்வோம். நல்ல சாமானும் அதே பக்கத்தில் போகிறதென்றால் பிழை வேறு இடத்தில் இருக்கிறது.

கழற்றிய சாமானை எறியாதீர்கள். றப்பர் உறை கிழிந்து உள்ளே துரு இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. உறை நல்லபடி இருந்தும் குமிழின் கழுத்தில் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்த தழும்பு இருந்தால், வீலைத் தாங்கும் கையான ‘ஆம்’ அளவுக்கு மீறிச் சாய்ந்து வேலை செய்திருக்கிறது.

இதற்கு வழக்கமான காரணம் டோர்ஷன் பார், அதாவது முறுகி ஸ்பிரிங் போல வேலை செய்யும் இரும்புத் தண்டு. முன்பக்கம் இறங்கியதும் பின்முனையிலுள்ள அங்கர் போல்ட்டை இறுக்கி வேனைத் தூக்கிவிடுவார்கள். பார்வைக்கு நிமிர்ந்து நிற்கும். ஆனால் ஆம் கீழ்நோக்கிச் சரிந்து, வீல் தொங்கும்போது முட்டவேண்டிய றப்பரில் நின்ற நிலையிலேயே முட்டிக்கொண்டிருக்கும். பிறகு ஒவ்வொரு குழியும் சம்மட்டி அடிதான். அந்த றப்பர் நசுங்கிப் பளபளத்தால் சந்தேகமே வேண்டாம்.

மட்டமான தரையில், நான்கு டயருக்கும் சரியான காற்றுடன், வேனைச் சில மீற்றர் முன்பின் உருட்டி, முன்பக்கத்தை அழுத்திக் குலுக்கிவிடுங்கள். வீலின் நடுவிலிருந்து மட்காட் விளிம்புவரை இரு பக்கமும் அளந்து பாருங்கள். ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் முதலில் அதைத் திருத்தவேண்டும். அங்கர் போல்ட்டைத் தொடுமுன் புரியில் அடையாளம் போட்டு, வீலைத் தரையிலிருந்து தூக்கிக்கொள்ளுங்கள். சுமை இருக்கும்போது முழுவதும் கழற்றவே கூடாது.

ஆட்டம் பார்ப்பதற்கும் முறை உண்டு. டோர்ஷன் பார் கீழ் ஆமில் பூட்டியிருந்தால் ஜக்கை அந்த ஆமின் அடியில், வீலுக்குக் கிட்ட வையுங்கள். மேல் ஆமில் என்றால் சட்டகத்தைத் தூக்கி வீலைத் தொங்கவிடுங்கள். சுமை இறங்காவிட்டால் தேய்ந்த ஜொயின்றும் இறுக்கமாகவே தெரியும்.

ஆம் சட்டகத்தில் பூட்டும் இடத்திலுள்ள றப்பர் புஷ் திரும்பத் திரும்பக் கிழிந்தால் இறுக்கிய விதம்தான் பிழை. றப்பர் புஷ் சுழல்வதில்லை, முறுகுகிறது. வீல் தொங்கும்போது போல்ட்டை இறுக்கினால், வேன் தரையில் நிற்கும் நேரமெல்லாம் அது முறுகியபடியே இருக்கும். முதலில் லேசாகப் பூட்டி, வேனை இறக்கிக் குலுக்கிய பிறகே கடைசி இறுக்கு.

போல் ஜொயின்ற் நட் தானாக இளகினால் நக்கிளின் (வீல் பூட்டியிருக்கும் இரும்புத் துண்டின்) கூம்புத் துளையைப் பாருங்கள். புதிய ஜொயின்றின் கூம்பில் மாக்கரால் நெடுக நான்கைந்து கோடு கீறி, துளையில் அழுத்திச் சற்றுத் திருப்பி எடுங்கள். கோடுகள் முழு நீளத்துக்கும் அழிந்திருக்கவேண்டும். ஒரு விளிம்பில் மட்டும் அழிந்தால் துளை அகன்றுவிட்டது. நக்கிளை மாற்றாமல் எந்தச் சாமான் போட்டும் பலனில்லை.

வெளியே தள்ளிநிற்கும் அகல றிம்மும், எண்ணெய் கசியும் ஷொக் அப்சோபரும் இதே சேதத்தை விரைவாக்கும். வீல் எலைன்மென்ட் எல்லாவற்றுக்கும் பிறகுதான்: உயரம் மாறினால் கேம்பரும் (வீலின் மேல்பக்கச் சாய்வு) டோவும் (வீலின் முன்பக்கம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) மாறும்.