ஓக் மரங்களுக்கு நடுவே டிஸ்க் கால்ஃப்: முதல் தடவை போகிறவர்களுக்கு

கலிஃபோர்னியாவில் பசடினா ஊரின் ஓரம், செவ்வாய்க்கு ரோவர் அனுப்புகிற ஜேபிஎல் ஆய்வகத்தை ஒட்டி, ஹஹமோங்னா என்றொரு பூங்கா இருக்கிறது. அதற்குள்ளே இருப்பதுதான் ஓக் குரோவ், உலகத்தின் முதல் நிரந்தர டிஸ்க் கால்ஃப் மைதானம். பந்துக்குப் பதிலாக டிஸ்க் என்கிற பிளாஸ்டிக் தட்டை வீசி ஆடுகிற கால்ஃப் இது. 1975இல் எட் ஹெட்ரிக் அமைத்தது. மனிதர் வாம்-ஓ என்கிற பொம்மைக் கம்பெனியில், வீசி விளையாடும் தட்டான ஃபிரிஸ்பியைச் செம்மைப்படுத்தியவர். 2002இல் இறந்தபோது அவர் விருப்பப்படியே சாம்பலைப் புது டிஸ்க்குகளில் கலந்து வார்த்தார்கள், அவ்வளவு பைத்தியம்! மைதானத்தின் நீளம் குறைவு, அதனால் புதிதாக ஆடுகிறவர்களுக்குத் தோது. ஆனால் மரம் நிறைய.

கால்ஃப் மாதிரிதான் ஆட்டம். டீ எனப்படும் தொடக்க இடத்திலிருந்து வீசுகிறீர்கள், விழுந்த இடத்திலிருந்து மறுபடி வீசுகிறீர்கள், சங்கிலி தொங்கும் இரும்புக் கூடையில் விழுந்தால் அந்த ஹோல் முடிந்தது (ஒரு டீயிலிருந்து அதன் கூடை வரைக்கும் ஒரு ஹோல்). குறைவான வீச்சில் முடிப்பவர் ஜெயித்தார். கூடையிலிருந்து தூரமாக இருப்பவர் முதலில் வீசுவார். 10 மீட்டருக்குள்ளிருந்து கூடைக்கு வீசினால் வீசிய பிறகு தடுமாறி முன்னால் கால் வைக்கக் கூடாது, நிதானித்து நின்றுவிட்டுத்தான் நகரலாம். முதல் நாளுக்கு இந்த விதிகள் போதும்.

எத்தனை டிஸ்க் வேண்டும்? கூடைக்குப் பக்கத்திலிருந்து வீச ஒரு பட்டர், நடுத்தர தூரத்துக்கு ஒரு மிட்ரேஞ்ச். கடைக்காரர் அதிக தூரம் வீசுவதற்கான டிரைவர் டிஸ்க்கைக் காட்டுவார், வாங்காதீர்கள். டிஸ்க்கின் மேல் நான்கு எண்கள் இருக்கும், அவற்றில் முதலாவது வேகம். பட்டருக்கு 2 அல்லது 3, மிட்ரேஞ்சுக்கு 4 அல்லது 5. 9, 12 என்று எழுதியவை எல்லாம் கை பழகியவர்களுக்கு. அந்த வேகத்தில் வீச முடியாவிட்டால் அது சீக்கிரமே இடப்பக்கம் சரிந்து புதருக்குள் போய்விடும். நான் முதல் நாள் ஒரு டிரைவரோடுதான் போனேன், முதல் வீச்சே நாலடி தள்ளியிருந்த மரத்தில் பட்டு என் காதை உரசிக்கொண்டு பின்னால் பறந்தது.

இப்போது வீசும் விதம். மாங்காய் அடிக்கக் கல்லெறிந்த கை நமக்கு, தோளிலிருந்து விசிறி அடிக்கத்தான் தோன்றும். இங்கே அது உதவாது. கூடைக்குப் பக்கவாட்டாக நின்று, நாலு விரலும் விளிம்புக்குக் கீழே, கட்டைவிரல் மேலே வைத்து, டிஸ்க்கை நெஞ்சை ஒட்டி நேர்கோட்டில் இழுத்து விடுங்கள். பலம் இடுப்பு திரும்புவதிலிருந்து வரவேண்டும், கை சாட்டை நுனி மாதிரி கடைசியில் வந்து சேர்ந்தால் போதும். டிஸ்க்கின் முன்விளிம்பு மேலே தூக்கக் கூடாது, தூக்கினால் அது அண்ணாந்து கிளைக்குள் ஏறிவிடும், ஓக் கிளைகள் தாழ்வாக வேறு பரந்திருக்கும். வலது கையால் இப்படி வீசும்போது டிஸ்க் வேகம் குறையக் குறைய இடப்பக்கம் வளையும். அதைக் கணக்கில் வைத்துக் கூடைக்குக் கொஞ்சம் வலப்பக்கமாகக் குறிவையுங்கள்.

சரி, மரங்களை என்ன செய்வது? வீசுவதற்கு முன் மரத்தைப் பார்க்காதீர்கள், பார்த்த மரத்தில்தான் டிஸ்க் போய் அடிக்கும், ஏன் என்று கேட்காதீர்கள். உங்களுக்கு முன்னால் 10, 15 மீட்டரில் இருக்கிற இடைவெளியைத் தேடுங்கள், அதுதான் உங்கள் குறி. கூடை அப்புறம். ஜன்னல் வழியே வெளியே வீசுகிற மாதிரி அந்த இடைவெளி வழியே முக்கால் பலத்தில் பட்டரை விடுங்கள். முழுப் பலத்தில் மரத்தில் அடித்த டிஸ்க் கேரம் காய் மாதிரி எங்கே தெறிக்கும் என்று யாருக்கும் தெரியாது. மெதுவாகப் போனது மரத்தடியிலேயே விழும்.

புதருக்குள் போய்விட்டதா? இங்கேதான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள். இரண்டு மரத்துக்கு நடுவே ஒரு சந்து தெரியும், அதன் வழியே கூடைக்கே வீசிவிடலாம் என்று மனசு சொல்லும். கேட்காதீர்கள், பக்கவாட்டில் திறந்த இடத்துக்குத் தட்டிவிடுங்கள், வேண்டுமானால் பின்னால்கூட. ஒரு வீச்சுதான் நஷ்டம். சந்துக்குள் முயன்றவர்கள் மூன்று வீச்சுக்குப் பிறகும் அதே புதரில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன், நானும் நின்றிருக்கிறேன். ஒரு ஹோலுக்கு மூன்று வீச்சு என்பது கணக்கு, முதல் நாள் நாலில் முடித்தாலே நல்ல ஆட்டம்.

பூங்காவில் நடைபோடுகிறவர்கள், குதிரையில் வருகிறவர்கள் எல்லாம் உண்டு. அவர்கள் கடந்து போகும்வரை காத்திருங்கள், டிஸ்க் தப்பிப் போனால் “ஃபோர்!” என்று கத்துங்கள், கால்ஃபில் அதுதான் எச்சரிக்கைக் குரல்.

தண்ணீர் பாட்டில், முழு நீளப் பேன்ட் கட்டாயம். டிஸ்க்கின் அடிப்பக்கம் பெயரும் போன் எண்ணும் எழுதி வையுங்கள், கண்டெடுப்பவர்கள் பெரும்பாலும் கூப்பிடுவார்கள். புதருக்குள் கையை விடுமுன் ஒரு குச்சியால் விலக்கிப் பாருங்கள், விரியன் வகையைச் சேர்ந்த ராட்டில்ஸ்நேக் இருக்கும் பகுதி. மூன்று மூன்றாக இலை விடும் பாய்சன் ஓக் செடியும் உண்டு, பட்டால் அரித்துத் தடிக்கும். அதன் எண்ணெய் டிஸ்க்கிலும் ஒட்டிக்கொள்ளும், அதனால் வீட்டுக்குப் போனதும் கையோடு டிஸ்க்கையும் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.